தங்கரளியா

நாய் புகுந்துவிட்டது என்று ஒலிபெருக்கி சொன்னது. பந்தயப் பாதைக்குள் நாய். அதைப் பிடித்து வெளியே விடும்வரை ஒருவரும் நகரக்கூடாது. பன்னிரண்டு கார்களும் வாசலில் ஒன்றின் முதுகில் ஒன்று மூக்கை வைத்துக்கொண்டு, என்ஜினை அணைத்து, மத்தியான வெயிலில் வேகட்டும் என்று விட்டுவிட்டார்கள். வரிசையில் இரண்டாவதாக நின்ற வண்டிக்குள் தெய்வசிகாமணி தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடையிடுக்குக்கு ஒன்று என்று வார் போட்டு இறுக்கி, ஹெல்மெட்டுக்குள் தன் மூச்சையே தான் திரும்பக் குடித்தபடி உட்கார்ந்திருந்தான். காலையில் தின்ற பூண்டு ஊறுகாய் அந்த மூச்சில் இன்னும் இருந்தது. நாயைத் திட்டினான். பிறகு நாயைப் பிடிக்கப் போனவர்களைத் திட்டினான், மூன்று பேர் போயிருக்கிறார்கள், மூன்று பேருக்கும் சேர்த்து அந்த நாய் அளவு புத்தி இல்லை, அது பாட்டுக்கு வளைவுக்கு வளைவு சரியான கோட்டில் ஓடிக்கொண்டிருக்கும், பிரேக்கே போடாமல் ஓடும், அதன் காலைப் பற்றி யாரும் டீக்கடையில் பேசமாட்டார்கள். கால். அந்தச் சொல் வந்ததும் வலது காலைப் பார்த்தான். மெல்லிய தோல் பூட்ஸுக்குள் அது பாட்டுக்குக் கிடந்தது, எவனுடையதோ போல. கட்டைவிரலை அசைத்துப் பார்த்தான். அசைந்தது. அதை நம்பலாமா என்று தெரியவில்லை.

முன்னால் பூபதியின் கார். கறுப்பு. சாதாரணக் கறுப்பு இல்லை, வாரத்துக்கு மூன்று முறை மெழுகு போட்டுத் தேய்த்த கறுப்பு, அதன் பின்பக்கத்தில் முகம் பார்த்துச் சவரம் பண்ணலாம், பூபதி பண்ணுவான் என்றுகூட நினைத்தான். பூபதி அவன் பெண்டாட்டிக்குத் தம்பி. கல்யாணத்தன்று மாப்பிள்ளை காரில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்த பத்து வயதுப் பையன், இறங்கவே மாட்டேன் என்று பிடித்த பிடியில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை பின்னால் போய் மூன்று கிழவிகளுக்கு நடுவில் நசுங்கி உட்கார வேண்டியிருந்தது. இன்றைக்கும் முன்னால்தான் நிற்கிறான். இரவு ஃபோனில் கோகிலவாணி என்ன சொன்னாள், ஏனுங்க, ஜெயிக்கறீங்களோ இல்லையோ, பூபதியோட வம்புக்குப் போகாம வாங்க. ஜெயிக்கறீங்களோ இல்லையோ. இருபத்தோரு வருஷமாக இட்லிக்கு மாவரைத்துப் போட்டவள், புருஷனை ஒரு வார்த்தையில் அரைத்துவிட்டாள். அரைப்பது என்றால் அவள் வீட்டில் என்ன குறைச்சல். சமையலறையில் ஒரு கிரைண்டர், பரணில் ஆறு, எல்லாம் தங்கரளி கிரைண்டர், எல்லாம் ஸ்பான்சர் குழந்தைவேலு அன்போடு கொடுத்தது, கோப்பை வாங்கினாலும் கிரைண்டர், வாங்காவிட்டாலும் ஆறுதலுக்கு ஒரு கிரைண்டர்.

குழந்தைவேலுவின் கிரைண்டரை ஓட்டினால் சத்தம் பாலக்காட்டு மலை தாண்டிக் கேட்கும், மலையாளத்துக்காரன் எழுந்து உட்கார்ந்து இடி இடிக்கிறது என்று குடையை எடுப்பான். அந்த மனுஷன் முதல் வருஷம் காரின் கூரைமேல் நிஜக் கிரைண்டர் ஒன்றை போல்ட் போட்டு முடுக்க வேண்டும் என்று நின்றார். பந்தய அதிகாரிகள் மாட்டேன் என்றதும் மூன்று நாள் பேசவில்லை. பிறகு சமாதானமாகி, பந்தயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை எல்லாம் பொருட்காட்சிக் கடையில் சிகாமணி பந்தய உடுப்போடு நின்று உளுந்து ஆட்ட வேண்டும் என்று ஆரம்பித்தார். ஆட்டினான். நெருப்புப் பிடிக்காத மூன்று அடுக்குத் துணிக்குள் வியர்வை முழங்கால்வரை வழிய, ஒரு கையில் ஹெல்மெட், ஒரு கையில் மாவு. ஒரு அம்மாள் மேலும் கீழும் பார்த்து, ஏந் தம்பி, இந்த உடுப்புப் போட்டாத்தான் மாவு பொங்குமா என்று கேட்டாள். சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. குழந்தைவேலுவும் சிரித்தார், அதுதான் மறக்கவில்லை, வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு அந்த அம்மாளுக்கு நூறு ரூபாய் தள்ளுபடி கொடுத்தார். வாரத்தில் ஐந்து நாள் லேத் பட்டறையில் இரும்போடு சண்டை, இரண்டு நாள் இப்படி. எதற்கு? கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த நேர் ரோட்டின் கடைசியில், வளைவுக்கு நூறு மீட்டர் என்கிற பலகை, பிரேக் மிதிக்க வேண்டிய இடம், மூக்குக்கு நேராக வரும்போது, உடம்பில் ஒரு பத்துப் பேர் எழுந்து நின்று வாயை மூடிக்கொள்வார்கள் பார், அதற்கு. அந்த நிசப்தத்துக்கு. நேற்று அந்தப் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

நேற்றைப் பற்றி நினைக்கக் கூடாது. நேற்றைப் பற்றித்தான் நினைத்தான். சனிக்கிழமைப் பந்தயம், பூபதியை முதல் சுற்றிலேயே தாண்டி, பாதி தூரம்வரை முதலாவதாகப் போனவன். பிறகு பெடல் ஆழமாகப் போனது. ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் கொஞ்சம் ஆழம், சேற்றில் கால் வைப்பதுபோல. வண்டி வலது பக்கம் இழுத்தது, கயிறு கட்டி எவனோ இழுப்பதுபோல. நூறு மீட்டர் பலகையில் மிதித்தால் தரைவரை போயிற்று, அடியில் ஒன்றும் இல்லை. அப்புறம் செம்மண், தூசி, டயர் அடுக்கி வைத்த சுவர். சுவருக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. சுவர்மேல் ஒரு காக்கை. அது பறக்கவில்லை. தலையைச் சாய்த்து அவனை ஒரு பார்வை பார்த்தது, இவன் இங்கே நின்றுவிடுவான் என்று முன்னமே தெரிந்த மாதிரி. ராத்திரி முழுக்க அந்தக் காக்கை கண்ணுக்குள் உட்கார்ந்திருந்தது. மெக்கானிக் மாரப்பன் சாயங்காலம் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தான், பிரேக் எண்ணெய் கொதித்திருக்கிறது, அதனால்தான் பெடல் இறங்கியது என்றான், புது எண்ணெய் ஊற்றினான், ஏன் கொதித்தது என்று அவனுக்கும் தெரியவில்லை, இதுவரைக்கும் கொதிக்கலீங்ணா என்றான், அவ்வளவுதான். பயந்தவன் பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பான், அல்லது மிதித்துக்கொண்டே வருவான், அப்படி மிதித்தால் எந்த எண்ணெயும் கொதிக்கும். இதை மாரப்பன் சொல்லவில்லை. டீக்கடையில் பூபதி சொன்னான், சிகாமணி பின்னால் நிற்பது தெரிந்தே. "என்ற மச்சானுக்குக் கால் பயந்துருச்சுங்க. நாப்பத்தாறு ஆச்சுல்லங்க. வண்டி என்ன பண்ணும்?" திரும்பிப் பார்த்து, "அட, மச்சா, இங்கதான் இருக்கீங்களா, டீ சொல்லட்டுங்களா" என்றான். "வேண்டாம் மாப்ளே, நீயே குடி, வாய் காஞ்சு கெடக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தான். சரியான பதில்தான். ஆனால் பதில் சொன்ன பிறகும் அந்த வார்த்தை போகவில்லை. கால் பயந்துருச்சு. பிரேக்கா, காலா. பெடல் ஆழமாகப் போனதால் கால் பயந்ததா, கால் பயந்து முன்னமே மிதித்து மிதித்துத்தான் பெடல் போயிற்றா.

குழந்தைவேலு அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சாயங்காலம் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, அந்தக் கை கிரைண்டர் கல் கனம் கனத்தது, "சிகாமணி, நாளைக்கு நீங்க மேடைல நிக்கோணும். மூணு பேர்ல ஒருத்தரா. இல்லாட்டி அடுத்த சீசனுக்கு நம்ம பேரை பூபதி தம்பி வண்டில ஒட்டிக்கலாம்னு வூட்ல சொல்றாங்க. நானா சொல்லலீங்க" என்றார். வீட்டில் சொல்கிறார்களாம். வீட்டில் சொல்வது, சோசியர் சொல்வது, மச்சினன் சொல்வது, இந்த மனுஷன் சொந்தமாக ஒரு வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. கம்பெனிப் பேரையே எழுத்துச் சோசியர் சொன்னார் என்று போன வாரம் மாற்றிவிட்டாரே. அந்தச் சோசியர் லேசுப்பட்டவர் இல்லை, ஒரு சினிமாக் கொட்டகைக்கு ஒரு எழுத்துக் கூட்டிக் கொடுத்தார், அது மூடிக் கல்யாண மண்டபமாகி இன்றைக்கு நிற்க இடமில்லாமல் ஓடுகிறது. தங்கரளி என்று இங்கிலீஷில் எழுதியதைக் கூட்டிப் பார்த்து, கூட்டுத்தொகை சரியில்லை, கடைசியில் ஒரு ‘ஏ’ சேர்த்துக்குங்க, அமெரிக்காவரைக்கும் போவீங்க என்றார். ஒரே ஒரு எழுத்து. சேர்த்ததும் தங்கரளி தங்கரளியா ஆகிவிட்டது. பேர் போய்க் கேள்வி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை புது ஸ்டிக்கர் ஒட்டின வண்டி வந்து இறங்கியதும் பக்கத்து அணிக் கொட்டகையின் மெக்கானிக் பையன்கள் ஆரம்பித்தார்கள். "தங்கரளியா?" "இல்லீங்க, வெறும் அரளிங்க." "விதையை அரைச்சுக் குடிக்கறதுங்களா?" ஒலிபெருக்கிக்காரன் ஒவ்வொரு சுற்றும் தங்கரளியா என்று இழுத்து நிறுத்துவான், ஊரே பதில் சொல்லட்டும் என்கிற மாதிரி. ஒரு எழுத்து ஒரு மனுஷனை எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடுகிறது. சிகாமணியா? ஜெயிப்பானா? பிரேக்கா? காலா? பயமா?

வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்க வழியில்லை. கண்ணை மூடித் திறந்தபோது முன்னால் பூபதியின் கறுப்புப் பின்பக்கத்தில் யாரோ நிற்பதுபோல இருந்தது. யாரும் இல்லை, அவன் வண்டியேதான். இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம், அவனுடைய மூக்கு அப்படியே அந்தக் கறுப்பில் விழுந்திருந்தது, விளக்கு, பானெட், பம்பர், பம்பர் முழுக்க அந்தப் பேர், எழுத்தெல்லாம் திரும்பி, பிறமொழி மாதிரி. சேர்த்துப் பேராக வாசிக்க முடியவில்லை, கண்ணில் நின்றது ஒரே ஒரு எழுத்து. இடது ஓரத்தில் வெள்ளையாக அந்தக் கடைசி இங்கிலீஷ் ‘ஏ’. அது கண்ணாடியிலும் ‘ஏ’தான். திருப்பிப் போட்டாலும் மாறாத எழுத்து, எப்படிப் போட்டாலும் கேள்வி. அதையே முறைத்துக்கொண்டிருந்தான். பேருக்கு வலது ஓரத்தில் பம்பரில் ஒரு கறுப்பு ஓட்டை தெரிந்தது, உள்ளங்கை அகலம், அவனே பட்டறையில் வெட்டிய ஓட்டை, காற்று அது வழியாக உள்ளே போய், குழாயில் ஓடி, அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் பிரேக்கை ஆற்ற வேண்டும். அந்தப் பக்கத்துக்கு ஒன்று, இந்தப் பக்கத்துக்கு ஒன்று. இரண்டு. வலது பக்கம் ஓட்டை. இடது பக்கம் ‘ஏ’. மெதுவாகத்தான் புரிந்தது, மாவு அரைபடுகிற மாதிரி. இடது பக்கம் ஓட்டை எங்கே? ‘ஏ’ இருக்கிற இடத்தில். ஸ்டிக்கர் ஒட்டினவன் இடம் போதாமல் அமெரிக்காவுக்குப் போகிற எழுத்தை ஓட்டையின் மேலேயே இழுத்து, சுருக்கமில்லாமல், மத்தளத்துக்குத் தோல் போர்த்துகிற மாதிரி போர்த்தி ஒட்டியிருக்கிறான். இடது பிரேக்குக்குக் காற்றே இல்லை. சுற்றுக்குச் சுற்று சூடேறி, எண்ணெய் கொதித்து, இடது சக்கரம் பிடிக்காமல், வண்டி வலது பக்கம் இழுத்து, செம்மண், காக்கை. மாரப்பன் சக்கரத்துக்குப் பின்னால் தேடினான், முன்னால் பார்க்கவில்லை. பேரை யார் பார்ப்பார்கள்.

அப்படியானால் கால் இல்லை. நெஞ்சில் ஒன்று சடக்கென்று கழன்று விழுந்தது. மாரப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தவன் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் ஏன் இருந்தான் என்பதைப் பார்த்தால் அசிங்கமாக இருந்தது, ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை, தூசி விழுந்த கண் மாதிரி. அந்த ‘ஏ’ அங்கேயே இருந்தால் இன்றைக்குத் தோற்கலாம். மெதுவாக, பத்திரமாக, பலகைக்கு ரொம்ப முன்னாலேயே மிதித்து, ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வந்து, இறங்கி, எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்து ஸ்டிக்கரைப் பிய்த்துக் காட்டலாம். பாருங்கய்யா, இந்த லட்சணத்தில் எவனய்யா ஓட்டுவான். குழந்தைவேலுவின் முகம் உளுந்தாய் வெளுக்கும். பூபதி டீயை வைத்துவிட்டுப் போவான். எவ்வளவு சுகமான தோல்வி. பிய்த்துவிட்டால்? பிய்த்துவிட்டால் பிரேக் இருக்கும். பிரேக் இருந்தால் கால் மட்டும்தான் பாக்கி. நூறு மீட்டர் பலகை வரும்போது அது எங்கே இருக்கிறது என்று அவன் பார்த்துவிடுவான், வேறு யாரும் பார்க்க வேண்டாம், அவன் பார்த்தால் போதுமே. நேற்று முதல் சுற்றில், பெடல் நன்றாக இருந்தபோதே, பலகைக்கு முன்னால் கால் ஆக்ஸிலேட்டரை விட்டுக் கொஞ்சம் எழுந்ததா? எழுந்ததா இல்லையா? எழுந்தது என்று ஒருவன் சொன்னான், இல்லை என்று ஒருவன், இரண்டு பேரும் அவன் மண்டைக்குள்ளேயே ஒரே பூண்டு மூச்சை விட்டுக்கொண்டு. காலைப் பார்த்தான். அது பெடல்மேல் தூங்குகிற மாதிரி நடித்தது. திருட்டுக் கால்.

"மாரப்பா" என்று கத்திவிட்டான். யார் கத்தியது என்று அவனுக்கே சந்தேகம். சுவரோரம் நின்ற மாரப்பன் ஜன்னலுக்கு ஓடி வந்தான். "என்னங்ணா, தண்ணி வேணுங்களா?" "முன்னாடி அந்த ஏ-வைப் பிய்ச்சுடு." "எந்த ஏ-ங்ணா?" "கடைசி ஏ. அதுக்கு அடிலதான் ஓட்டை இருக்குது." மாரப்பன் குனிந்து பார்த்தான், தொட்டுப் பார்த்தான், விரலால் தட்டினான், பொத்துப் பொத்தென்று மத்தளச் சத்தம் வந்தது. "அடக் கொடுமையே" என்று முணுமுணுத்தான். ஓரத்தில் நகத்தைக் கொடுத்து உரித்தான். வெயிலில் இளகிய பசை, சோம்பேறித்தனமாக, தோல் உரிவது போல வந்தது. பாதி வந்துவிட்டது. உரிந்த பாதி பின்னால் மடங்காமல் முன்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றபோதுதான் குடையோடு குழந்தைவேலு வந்து சேர்ந்தார். "ஏப்பா, ஏப்பா, என்ன பண்றே நீ?" "காத்து அடைக்குதுங்க மொதலாளி. பிரேக்குக்குப் போற காத்து." "காத்தா? அது சோசியர் குடுத்த எழுத்துப்பா. அதை எடுத்தாக் கூட்டுத்தொகை எட்டு வருது, எட்டு ஆகாது." ஜன்னலுக்குள் தலையை விட்டார். ஜவ்வாது வாசனையும் சேர்ந்து உள்ளே வந்தது. "சிகாமணி, பயமா இருந்தாச் சொல்லிருங்க. ஒண்ணும் தப்பில்லீங்க. அதுக்குப் போயி என்ற பேரைப் பிய்க்கலாங்களா?" பயமா. அவரும் அந்த எழுத்தைச் சேர்த்துத்தான் கேட்டார். "அண்ணா, அதை எடுத்துட்டு நான் தோத்தா, நீங்களே பூபதி வண்டில பேரை ஒட்டுங்க, நானே வந்து தேய்ச்சு ஒட்டித் தர்றேன்" என்றான். "தோக்கறதைப் பத்தி வண்டில உக்காந்துட்டுப் பேசாதீங்க" என்று அவர் நகர்ந்து போய், தன் உள்ளங்கையாலேயே அந்த எழுத்தைத் தடவி ஒட்டப் பார்த்தார். பசையில் மண் ஏறிவிட்டது, ஓரம் ஒட்டவில்லை, மறுபடி முன்னால் நீட்டிக்கொண்டது. அதற்குள் விசில். நாயைப் பிடித்துவிட்டார்கள். எல்லாரும் விலகுங்கள், விலகுங்கள் என்று ஒரு ஆள் பச்சைக் கொடியோடு ஓடி வந்தான். மாரப்பன் குழந்தைவேலுவைக் குடையோடு சேர்த்து இழுத்துக்கொண்டு சுவரோரம் போனான்.

என்ஜினைக் கிளப்பினான். முன்னால் பூபதி கிளப்பினான், கறுப்புப் பின்பக்கம் நடுங்கியது, அதற்குள் கிடந்த வெள்ளை எழுத்தும் நடுங்கியது. பூபதி கையை ஜன்னலுக்கு வெளியே விட்டுக் கட்டைவிரலைக் கீழே காட்டினான். ஒரு முழம்தான். சந்தைக்கடையில் தள்ளுவண்டிக்காரன் இடிக்கிற இடி, அவ்வளவுதான். கிளட்சை ஒரு மயிரிழை விட்டான். வண்டி ஒரு முழம் நகர்ந்து, இடது மூக்கால் பூபதியின் பம்பரை மெல்ல முட்டி நின்றது. டொப். பூபதியின் ஹெல்மெட் திரும்பியது, என்ன என்று கை கேட்டது. "சித்தெ கிளட்சு நழுவிருச்சு மாப்ளே" என்று சிகாமணி ஹெல்மெட்டுக்குள்ளேயே சொன்னான், யாருக்கும் கேட்காது, சொல்லிப் பார்க்க நன்றாக இருந்தது. முன்னால் நீட்டிக்கொண்டிருந்த பசை, கொதிக்கிற அந்தக் கறுப்பில் அப்பிக்கொண்டது. கொடி இறங்கியது. பூபதி, அவன் வழக்கம்போல, புழுதி பறக்கப் பாய்ந்தான். சர்ர் என்று ஒரு சத்தம், அது சிகாமணிக்குக் காதில் கேட்டதா பல்லில் கேட்டதா தெரியவில்லை. முன்னால் போகிற கறுப்பு வண்டியின் முதுகில், ஓரம் கொஞ்சம் கிழிந்து, வால் மாதிரி ஆடிக்கொண்டு, வெள்ளையாக ஒரு ‘ஏ’. சுவரோரம் குழந்தைவேலு குடையை மடக்கியும் மடக்காமலும் நிற்பது ஒரு கணம் தெரிந்தது. அமெரிக்காவுக்குப் போகிற எழுத்து பூபதியோடு போகிறது. போகட்டும். இவன் பம்பரில் தங்கரளி, பழைய பேர், எட்டு வருகிற பேர், பக்கத்தில் திறந்த ஓட்டை.

பந்தயத்துக்கு முந்தின சுற்றை மெதுவாக முடித்து எல்லாரும் கோட்டில் நின்றார்கள், சிவப்பு விளக்கு எரிந்து, அணைந்தது. அணைந்தது கண்ணுக்குத் தெரியும் முன்னால் கால் போய்விட்டிருந்தது, அதை யாரும் கேட்க வேண்டியதில்லை, கிளம்புவதற்கு அது எப்போதும் பயந்ததில்லை. நேர் ரோடு. பூபதி ஒரு வண்டி நீளம் முன்னால். பின்னால் பத்து வண்டிகளின் இரைச்சல், பரணில் இருக்கும் ஆறு கிரைண்டரையும் ஒன்றாக ஓட்டிவிட்ட மாதிரி. ‘ஏ’ நேராக முன்னால். கிட்டே வந்தது. தூரத்தில் முந்நூறு பலகை, இருநூறு, டயர்ச் சுவர், சுவர்மேல் ஒரு கறுப்புப் புள்ளி, அதே காக்கையா, வேறயா, எதுவானாலும் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தது. இப்போது பிரேக் சூடாக இல்லை. எண்ணெய் புதுசு. ஓட்டை திறந்திருக்கிறது. சொல்ல ஒரு சாக்கு இல்லை. கால் எழப் பார்த்தது. எழப் பார்த்ததை அவன் பார்த்தான், நன்றாகப் பார்த்தான், கட்டைவிரலுக்குள் ஒரு சின்ன இழுப்பு, பூனை எழுந்திரிக்கிற மாதிரி. நேற்றும் எழுந்திருக்கும். போன மாதமும் எழுந்திருக்கும். அப்படியானால் பயமா. பயமா என்று கேட்கப் போனவன் அந்தச் சொல்லின் வாலைத் தேடினான், வால் முன்னால் பூபதியின் முதுகில் ஆடிக்கொண்டிருந்தது. மீதி இருந்தது பயம். வெறும் பயம். கேள்வி ஒன்றும் இல்லை, பதில் சொல்ல வேண்டியதும் இல்லை, பசி மாதிரி, மூத்திரம் முட்டுகிற மாதிரி, உடம்போடு கிடக்கிற ஒரு சாமான். சரி, நீயும் உட்கார் என்றான். உள்ளே பத்துப் பேரும் எழுந்து நின்று வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்த ‘ஏ’யின் இரண்டு பக்கமும் சிவப்பு விளக்கு எரிந்தது. பூபதி மிதித்துவிட்டான். பலகை இன்னும் வரவில்லை. சிகாமணியின் கால் ஆக்ஸிலேட்டரில் கிடந்தது, நடுங்கிக்கொண்டு, போகாமல். பலகை வந்தது. போயிற்று. மிதித்தான். பெடல் கிரைண்டர் கல்லாக நின்றது.

வண்டி இந்தப் பக்கமும் இழுக்கவில்லை, அந்தப் பக்கமும் இழுக்கவில்லை. வளைவின் உள்பக்கத்தில் புகுந்து வெளியே வந்தபோது ஒலிபெருக்கி எதையோ இழுத்து இழுத்துக் கத்தியது, கடைசி எழுத்துக் காதில் விழவில்லை. கண்ணாடியில் பார்த்தான். பின்னால் பூபதியின் கறுப்பு மூக்கு, மிக அருகில், கோபமாக. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. காக்கை எழுந்து பறந்துகொண்டிருந்தது. இன்னும் பதினோரு சுற்று இருந்தது, அதே பலகை பதினோரு தடவை வரும்.